எந்தப் பக்கம் வெட்டுவது?

கேள்வி: ராணிப்பேட்டையில் பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் டிசைன் பார்க்கிறேன். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கையில் இருப்பது ஒரு ஏர் ரிசீவர், அதாவது அழுத்திய காற்றைச் சேமிக்கும் டாங்க். விட்டம் 1000 மி.மீ., நேர் பகுதி நீளம் 2000 மி.மீ., தகடு 8 மி.மீ., அழுத்தம் 10 பார். இரண்டு முனையிலும் 2:1 டிஷ் எண்ட் (நீள்வட்டக் கிண்ணம் மாதிரி மூடி), பக்கவாட்டில் ஒரு நாசில் (குழாய் இணைக்கும் கழுத்து). வாடிக்கையாளர் கேட்கிறார் என்று முதலாளி 3டி கலர் படம் கேட்கிறார். எங்கள் சீனியரோ, "இதுக்கெல்லாம் 2டி போதும்மா" என்கிறார். பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (எலிமெண்ட்), வலை மாதிரி (மெஷ்) பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் சாஃப்ட்வேரில் முழு வெசலையும் 3டி-யில் போட்டேன். 12 லட்சம் எலிமெண்ட், லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடியது. நாசில் மூலையில் ஸ்ட்ரெஸ் (உலோகத்துக்குள் எழும் தகைவு) 210 மெகாபாஸ்கல் வந்தது. மெஷ்ஷைப் பாதியாக நெருக்கினேன், 265. அந்த இடத்தில் மட்டும் இன்னும் பாதி, 340. எதை நம்புவது? 2டி என்றால் கத்துக்குட்டி வேலையா? என் பெயர் வேண்டாம்.

பதில்: வணக்கம் அம்மா. மே மாதத்து ராணிப்பேட்டை வெயிலில் அந்த லேப்டாப்பை ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் ஒரு மின்விசிறி வையுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரே 2டி வேலையில்தான் பிறந்தது. ரே கிளஃப் 1960-ல் அந்தப் பெயரை வைத்த கட்டுரை, தட்டையான தகட்டில் வரும் ஸ்ட்ரெஸ்ஸைப் பற்றியது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அவரும் எட்வர்ட் வில்சனும் அமெரிக்காவில் விரிசல் கண்டிருந்த நார்ஃபோர்க் அணையை இதே முறையில் கணக்கிட்டார்கள். அதுவும் ஒரு குறுக்கு வெட்டு மட்டும்தான். கத்துக்குட்டி வேலையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதலாளியும் சீனியரும் படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். 2டி மாடல் போடுகிறவர் ஒரு திசையைத் தூக்கி எறிகிறார். எறியும்போதே அந்தத் திசையில் என்ன நடக்கிறது என்று ஒரு வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறார். வாக்குமூலம் உண்மையாக இருந்தால் 2டி போதும். பொய்யாக இருந்தால் எத்தனை லட்சம் எலிமெண்ட் போட்டாலும் அது பொய்தான். ஆகவே உங்கள் சீனியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "எந்தத் திசையை எறியச் சொல்கிறீர்கள் சார்?" என்பதுதான்.

நம் பக்கத்து ஏரிக்கரையை வைத்துச் சொல்கிறேன். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. அதில் எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே முகம் தெரியும்: ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் மண், மறுபக்கம் வயல். தண்ணீர் ஏரியிலிருந்து வயல் பக்கமாகக் கசியுமே தவிர, கரையோடு நீளவாக்கில் ஓடாது. நீளவாக்கில் கரை நீளவும் முடியாது, சுருங்கவும் முடியாது, அக்கம்பக்கத்து மண் விடாது. இதுதான் ப்ளேன் ஸ்ட்ரெய்ன். ஒரு வெட்டுமுகம் போதும், முழுக் கரையையும் வரைவது வீண் வேலை. ஆனால் மதகுப் பக்கம் வந்துவிட்டால் கதை வேறு. அங்கே கல் கட்டடம் கரையைத் துளைத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் அதன் ஓரமாகச் சுற்றி வழி தேடும். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழியும் இடமும் அப்படித்தான். கரை உடைந்த கதைகளை ஊரில் கேட்டுப் பாருங்கள், பல கதைகள் மதகோரத்தில் தொடங்கும். ஒரே கரையில் 2டி போதுமான இடமும் உண்டு, போதாத இடமும் உண்டு.

அணைகளிலும் இதே வித்தியாசம். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை நேராக நின்று தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்குகிறது. அதை ஒரு வெட்டுமுகத்தில் அலசலாம். இடுக்கி அணை அப்படியில்லை. வில்லாக வளைந்து, பாரத்தைப் பக்கவாட்டில் குறவன் மலையிலும் குறத்தி மலையிலும் கொண்டுபோய் இறக்குகிறது. அதை நடுவில் வெட்டி 2டி-யில் போட்டால் அந்த மெல்லிய சுவர் கவிழ்ந்துவிடும் என்று மாடல் சொல்லும். எறிந்த திசையில்தானே அதன் பலம் இருக்கிறது!

இதற்கு எதிர்முனை ப்ளேன் ஸ்ட்ரெஸ். மெல்லிய தகடு, பாரம் தகட்டின் தளத்திலேயே, இரண்டு முகமும் வெறும் காற்றில். தடிமன் திசையில் தகடு இஷ்டப்படி சுருங்கிக்கொள்ளலாம், அங்கே ஸ்ட்ரெஸ் இல்லை. பலர் இந்த இரண்டையும் மெனுவில் பார்த்து, கண்ணை மூடி ஒன்றைத் தொடுகிறார்கள். ஸ்டீலுக்கு பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்) 0.3 என்றால், ப்ளேன் ஸ்ட்ரெய்னில் பொருள் சுமார் 10 சதவீதம் விறைப்பாகிவிடும். அகலமான தகடு வளைவதைத் தவறான பட்டனில் கணக்குப் போட்டவர், அந்த 10 சதவீதத்தை மெஷ்ஷில் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு பொறி பாரம். 2டி-யில் கொடுக்கும் விசை எத்தனை தடிமனுக்கு என்று சாஃப்ட்வேர் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும், ஒரு மில்லிமீட்டரா ஒரு மீட்டரா என்று பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

உங்கள் வெசலுக்கு உரியது மூன்றாவது வகை, ஆக்சிசிமெட்ரிக். திரையில் பார்க்க 2டி, உள்ளே நடப்பது முழு 3டி கணக்கு. அரை வெட்டுமுகத்தை வரைந்தால் சாஃப்ட்வேர் அதைக் குயவர் சக்கரம் மாதிரி அச்சைச் சுற்றிச் சுழற்றிக்கொள்ளும். வடிவமும் பாரமும் தாங்குமிடமும் அச்சைச் சுற்றி ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதில் ஒரு போல்ட் துளை வரைந்தால் அது துளையாக நிற்காது, சுற்றிலும் ஓடும் பள்ளமாகிவிடும். உங்கள் பக்கவாட்டு நாசிலை வரைந்தால் வெசல் இரண்டாக அறுந்து நிற்கும்! டிஷ் எண்டின் உச்சியில் இருக்கும் நாசில் என்றால் தாராளமாக வரையலாம்.

இனி உங்கள் ரிசீவர். சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் பேப்பரில் நான்கு வரி. 10 பார் என்பது 1 மெகாபாஸ்கல். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இருமடங்கால் வகுத்தால் சுற்றுவாக்கு ஸ்ட்ரெஸ்: 1000-ஐ 16-ஆல் வகுக்க 62.5 மெகாபாஸ்கல். நீளவாக்கில் அதில் பாதி, 31 சொச்சம். 2:1 டிஷ் எண்டின் உச்சியில் மறுபடி 62.5. அதே டிஷ் எண்ட் சிலிண்டரோடு சேரும் விளிம்பில்தான் வேடிக்கை. மெல்லிய ஓடு (ஷெல்) கணக்குப்படி அங்கே சுற்றுவாக்கில் கழித்தல் 62.5, அதாவது அமுக்கம். சிலிண்டர் வெளியே உப்பப் பார்க்கிறது, டிஷ் எண்டின் விளிம்பு உள்ளே இழுக்கப் பார்க்கிறது. இரண்டையும் வெல்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஆகவே அந்த மூட்டில் தகடு வளைகிறது. இந்த வளைவை ஆக்சிசிமெட்ரிக் மாடல் அழகாகக் காட்டும், தடிமனில் ஆறு அடுக்கு மெஷ் போட்டாலும் சில விநாடிகளில். உங்கள் 12 லட்சம் எலிமெண்ட் மாடல் இதைக் காட்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். வெசலின் மேற்பரப்பு எட்டரை சதுர மீட்டர் இருக்கும். அதில் 12 லட்சம் டெட்ராவை (நான்முக எலிமெண்ட்டை) பரப்பினால் 8 மி.மீ. தடிமனில் ஒன்றோ இரண்டோ அடுக்குதான் வரும். அதுவும் நான்கு முனை டெட்ராவாக இருந்தால் வளையவே மறுக்கும், இருப்பதைவிட விறைப்பாகத் தெரியும். பத்து முனை டெட்ராவா என்று செட்டிங்கில் பாருங்கள்.

நாசிலுக்கு மட்டும் உங்கள் முதலாளி பக்கம் நியாயம் இருக்கிறது. அது சுற்றுச் சமச்சீரை உடைக்கிறது, 3டி வேண்டும். அதற்காக முழு வெசலையும் சாலிடாகப் போட வேண்டுமா? 3டி என்றாலே சாலிட் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தகட்டு வேலைக்கு ஷெல் எலிமெண்ட் இருக்கிறது, தகட்டை வெறும் பரப்பாக வரைந்து தடிமனை எண்ணாகக் கொடுத்தால் போதும். 20 மி.மீ. அளவில் போட்டால் முழு வெசலும் இருபதாயிரம் சொச்சத்தில் முடிந்துவிடும், ஒரு டீ குடித்து வருவதற்குள் ரிசல்ட். வடிவமும் பாரமும் இடம் கொடுத்தால் பாதியாகவோ காலாகவோ வெட்டிச் சமச்சீர் கட்டுப்பாடு வையுங்கள். நாசில் பகுதியை மட்டும் தனியே எடுத்துச் சாலிடில் நெருக்கமாகப் போடலாம்.

மெஷ்ஷை நெருக்குவதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். எலிமெண்ட் அளவைப் பாதியாக்கினால் 2டி-யில் எண்ணிக்கை 4 மடங்கு, 3டி-யில் 8 மடங்கு. நேரடியாகத் தீர்க்கும் சால்வருக்கு வேலை எண்ணிக்கையைவிட வேகமாகப் பெருகும்: நல்ல சால்வராக இருந்தாலும் 2டி-யில் சுமார் 8 மடங்கு, 3டி-யில் சுமார் 64 மடங்கு. ஒரு மணி நேரம் ஓடியது இரண்டரை நாள் ஓடும். உங்கள் லேப்டாப் மேல் குற்றம் இல்லை.

இப்போது 210, 265, 340. முதலிலிருந்து இரண்டாவதுக்கு 26 சதவீதம் ஏற்றம், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 28 சதவீதம். ஒரு விடையை நோக்கிப் போகிற கணக்கில் ஏற்றம் குறைந்துகொண்டே வர வேண்டும். உங்களுடையது குறையவே இல்லை. காரணம் நாசிலும் வெசலும் சேரும் இடத்தைக் கத்தி முனை மாதிரி உள்மூலையாக வரைந்திருக்கிறீர்கள். எலாஸ்டிக் கணக்குப்படி அந்த மூலையில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே கிடையாது. இன்னும் பாதியாக்குங்கள், 430 வரும், அதற்கு மேலும் ஏறும். மூன்றில் எதை நம்புவது என்றால், மூன்றையும் நம்பாதீர்கள். நிஜத்தில் அங்கே மூலையை நிரப்பும் ஃபில்லெட் வெல்ட் இருக்கிறது, அதற்கு ஓர் ஆரம் இருக்கிறது. அதை வரையுங்கள். அல்லது மூலையிலிருந்து தகட்டின் தடிமன் வழியாக ஒரு கோடு இழுத்து, ஸ்ட்ரெஸ்ஸைச் சராசரிப் பங்கு, வளைவுப் பங்கு என்று பிரித்து, விதிநூல் கேட்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். (விதிநூல் என்று நான் சொல்வது, பிரஷர் வெசல் டிசைனுக்கான ஐ.எஸ். 2825 அல்லது ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவை.)

இதைக் கண்ணால் பார்க்க 3டி வேண்டாம். ஒரு எல் வடிவத் தகட்டை 2டி-யில் வரைந்து இழுங்கள். உள்மூலையில் 4 மி.மீ., 2, 1, 0.5 என்று மெஷ்ஷைக் குறைத்துக்கொண்டே போங்கள். எண் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு 3 மி.மீ. ஆரம் கொடுத்து அதையே திரும்பச் செய்யுங்கள். நின்றுவிடும். ஐந்து நிமிடத்து வேலை, ஒரு ராத்திரி மிச்சம்.

3டி ரிசல்ட்டைச் சரிபார்க்கவும் ஒரு 2டி எண் இருக்கிறது. பெரிய தகட்டில் ஒரு சின்ன வட்டத் துளை, ஒரு திசையில் இழுவை என்றால், துளை ஓரத்தில் ஸ்ட்ரெஸ் 3 மடங்கு. கிர்ஷ் 1898-ல் காட்டியது. உங்கள் சிலிண்டரில் சுற்றுவாக்கில் 62.5, நீளவாக்கில் அதில் பாதி. மூன்றிலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் இரண்டரை. ஆக வலுவூட்டாத சின்னத் துளையின் ஓரத்தில் 156 மெகாபாஸ்கல். உங்கள் நாசிலுக்குக் கழுத்து இருக்கிறது, துளையும் அவ்வளவு சின்னதில்லை, அதனால் இதே எண் வராது. ஆனாலும் நாசிலை எடுத்துவிட்டு 20 மி.மீ. துளை மட்டும் போட்டு 3டி மாடலை ஒரு தடவை ஓட்டுங்கள். 156 பக்கத்தில் வரவில்லை என்றால் மாடலில் ஏதோ தப்பு இருக்கிறது, நாசில் வரை போக வேண்டாம். துளையிலிருந்து தள்ளி 62.5 வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதுவரை 2டி-க்கு வக்காலத்து வாங்கியவன், அது என்னைக் கவிழ்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் நான் ஒரு தொழிற்சாலைக்கு வாக்குவம் வெசல் ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தேன். விட்டம் 1.2 மீட்டர், நீளம் 5 மீட்டர், தகடு 4 மி.மீ. உள்ளே காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று 0.1 மெகாபாஸ்கலில் அழுத்தும், அவ்வளவுதான். சுற்றிலும் ஒரே மாதிரி உருளை, சுற்றிலும் ஒரே மாதிரி அழுத்தம். ஆக்சிசிமெட்ரிக்குக்கு இதைவிட நல்ல பொருத்தம் வேறு எது? போட்டேன். அமுக்க ஸ்ட்ரெஸ் 15 மெகாபாஸ்கல். ஸ்டீல் 250 தாங்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு டெஸ்ட்டுக்குப் போய் நின்றேன். முக்கால் வாக்குவம் வந்ததும் ‘டமார்’ என்று வெசல் மூன்று பக்கமும் உள்ளே ஒடுங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன், "இன்னா சார், கூல்டிரிங்க் ஸ்ட்ராவ அடைச்சிக்கினு உறிஞ்சினா அது உருண்டையாவா சுருங்குது? ஒட்டிக்காது?" என்றார். அந்த ஒரு கேள்வியில் என் டிகிரி போயிற்று.

நான் எறிந்த திசை சுற்றுவாக்கு. எல்லாம் சுற்றிலும் ஒரே மாதிரிதான் என்று மாடலுக்கு நானே சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அந்த மாடலால் ஒரு பக்கம் ஒடுங்கி ஒரு பக்கம் உப்ப முடியாது. பக்ளிங்கை (அமுக்கத்தில் திடீரென்று ஒடுங்குவதை) கேட்டால்கூட வளையம் வளையமாகச் சுருங்குவதை மட்டுமே தேடும், அதற்கு எவ்வளவோ அதிக அழுத்தம் வேண்டும்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து அதே வெசலை வேறு பக்கமாக வெட்டிப் பார்த்தேன். அச்சுக்குக் குறுக்கே வெட்டினால் ஒரு முழு வட்டம் கிடைக்கும். அதை ப்ளேன் ஸ்ட்ரெய்னில் போட்டால் வட்டம் நசுங்குவது அப்பட்டமாகத் தெரிகிறது, ஆனால் வெறும் 0.016 மெகாபாஸ்கலிலேயே. டெஸ்ட்டில் அது நாலைந்து மடங்கு தாங்கியதே! இந்தத் தடவை எறிந்தது நீளவாக்குத் திசை. இரண்டு முனையிலும் டிஷ் எண்ட் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வட்டத்துக்குத் தெரியாது, தன்னை முடிவில்லாத குழாய் என்று நினைத்துக்கொள்கிறது. நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும் சூத்திரத்தை விண்டன்பர்க்கும் ட்ரில்லிங்கும் 1934-லேயே கொடுத்திருக்கிறார்கள். அதில் போட்டால் 0.08. அதாவது முழு வாக்குவத்துக்கு முன்பே விழ வேண்டியதுதான், விழுந்தது. ஷெல்லில் முழு 3டி பக்ளிங் போட்டால் இந்தப் பக்கம்தான் எண் வரும். ஒரே பாத்திரம், இரண்டு 2டி வெட்டு. ஒன்று ஆபத்தை மறைத்தது, மற்றது பூதாகரமாக்கியது. வெளியே மூன்று வளையம் வெல்டு பண்ணி நீளத்தை நான்கு துண்டாக்கியதும் 0.33-க்குப் போனது. இன்றும் ஓடுகிறது என்று கேள்வி.

உங்கள் ரிசீவருக்கு இந்தப் பயம் வேண்டாம், அழுத்தம் உள்ளிருந்து. ஆனால் உங்கள் ஊரில் லெதர் யூனிட்களுக்கு வாக்குவம் டிரையர் சம்பந்தமான ஆர்டர் எந்த நாளும் வரலாம், அதனால்தான் இவ்வளவு விரித்தேன்.

காற்று, புகை ஓட்டம் பார்க்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சட்டம் இன்னும் கறார். வடிவம் நீளவாக்கில் ஒரே மாதிரி இருந்தாலும் ஓட்டம் அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஓர் உருளைக் கம்பிக்குப் பின்னால் சுழலும் சுழிகள், ரெய்னால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகம், பொருளின் அளவு, பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்த எண்) 190 சுமாருக்கு மேல் போனதும் தாமாகவே மூன்றாவது திசையில் கலைய ஆரம்பிக்கின்றன. புகைபோக்கியில் அந்த எண் லட்சக்கணக்கில். அதை 2டி-யில் போட்டால் சுழிகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும், விசையும் அதிகமாகக் காட்டும்.

கலர் படத்துக்கு வருகிறேன். முதலாளி கேட்பதில் தப்பில்லை, ஆர்டர் வாங்குவது அவர் கவலை. ஷெல் மாடலில் எடுத்துக் கொடுங்கள், பளபளவென்று இருக்கும். கணக்குக் கோப்பில் மட்டும் கையால் போட்ட நான்கு வரி, ஆக்சிசிமெட்ரிக் ரிசல்ட், துளைச் சோதனை, கடைசியில் நாசில் என்ற வரிசையில் வையுங்கள். இன்ஸ்பெக்டர் திறந்ததும் முதலில் தேடுவது அந்த நான்கு வரியைத்தான்.

அந்த ஃபில்லெட்டின் ஆரத்தை டிராயிங்கில் பார்த்துப் போடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் இறங்கி, போன மாதம் அடித்த நாசில் எதிலாவது கேஜ் வைத்து அளந்து போடுங்கள். டிராயிங்கில் 6 என்று இருக்கும், வெல்டர் கையில் எவ்வளவு வந்திருக்கிறது என்று அங்கே போனால்தான் தெரியும். அளந்த எண்ணோடு ஒரு தடவை ஓட்டி, மூன்று மெஷ்ஷுக்கும் என்ன வந்தது என்று எழுதுங்கள்.